பெட்டிக்குத் தெரியாத குரல்

எங்கள் ஊரில் மயிலிடம் முதன்முதலாகப் பொய் சொன்னவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்றுதான் சொல்கிறேன்.

என் பெயர் ருக்குமணி. வெள்ளக்கோவிலுக்குத் தெற்கே எட்டாவது மைலில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். எங்களுக்கு இரண்டு காடு. கிணற்றுத் தண்ணீரில் மக்காச்சோளம் விளைகிற காடு என் பொறுப்பு. அதற்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில், கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். அங்கே மேய்கிற நாற்பத்தியொரு செம்மறியும் அவர் பொறுப்பு.

கொறங்காட்டில் ஆட்டோடு யாரும் நிற்கமாட்டார்கள். காலையில் உள்ளே விட்டுவிட்டு முள்படலைச் சாத்திக் கட்டினால் பொழுதோட போய்த் திறந்தால் போதும். காவலுக்கு மயில் இருக்கிறது. வெள்வேல மரத்தில் உட்கார்ந்திருக்கும். நாய் வந்தால் ஒரு மாதிரி கத்தும், பாம்பென்றால் ஒரு மாதிரி, வல்லூறு என்றால் இன்னொரு மாதிரி. சத்தம் கேட்டால் நாங்கள் ஓடிப்போய் விரட்டுவோம். எங்கள் ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு அடைமழை நாளில் மயில்கள் எங்கேயோ ஒதுங்கிவிட்டன. அன்றைக்கு வந்த நாய்க்கூட்டம் பதினேழு ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டது. தின்பதற்குக்கூட இல்லை, சும்மா கடித்துப் போட்டுவிட்டது. இவர் ஒற்றை ஆளாகக் குழி வெட்டிப் புதைத்தார். அதற்கப்புறம் நாற்பது நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பூச்சிமருந்து டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அப்படி ஒரு நாள் இன்னொரு முறை வந்தால் மனுஷன் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன், அதுதான் எனக்கே ஆறவில்லை.

ஏனென்றால் அவருக்குக் காவலாக இருக்கிற அதே மயில்தான் எனக்குக் கொள்ளைக்காரன். விதை போட்டால் கிளறித் தின்னும். முளைத்தால் குருத்தைப் பிடுங்கும். கதிர் பால் பிடித்தால் உறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூட்டிக்கொண்டு வரும். கை வைத்தால் கேஸ், கும்பிட்டால் முருகன் வாகனம், நான் என்னதான் செய்வது? காட்டைச் சுற்றி என் பழைய சேலைகளை எல்லாம் வேலியாகக் கட்டினேன். மயில்கள் அந்தச் சேலை நிழலில் படுத்து ஓய்வெடுத்தன.

அப்போதுதான் ஸ்டெல்லா பெட்டியோடு வந்தாள். தூத்துக்குடிப் பெண். பறவைக் குரலை ஆராய்ச்சி செய்கிறவள். பெட்டி ஒரு பால் கேன் உயரம் இருக்கும். மேலே ஒற்றைக் கண் மாதிரி கேமரா, முன்னால் ஒரு சின்னத் திரை.

"அக்கா, இதுக்கு மயில் பாஷை தெரியும்," என்றாள்.

"கெட்டுது போ! மனுசன் பேசறதே ஒருத்தருக்கொருத்தர் புரியறதில்ல."

"நெசமாத்தான் சொல்லுதேன். ரெண்டு வருசமா முந்நூறு மயிலு பேசுனத கேட்டுக் கேட்டுப் படிச்சிருக்கு. உங்க காட்டுக்குள்ள மயிலு காலு வச்சா இது பாத்துரும். உடனே மயிலுக் கொரல்லயே 'நாய் வருது'ன்னு கத்தும். மயிலு பறந்துரும். அவ்வளவுதான். வெடி இல்ல, கரண்டு இல்ல, ஒரு எறகு உதிராது."

தொட்டியோரம் கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "அப்ப அது பொய்தானுங்களே?"

"பொய்தான் அண்ணாச்சி. ஆனா யாருக்கும் சேதமில்லாத பொய்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏம்புள்ள, அதுக நம்ம ஆட்டுக்குக் காவலு. காவக்காரங்கிட்டயே போய்ப் பொய் சொல்லோணுமா?"

"காவக்காரன் சம்பளத்துக்கு என்ற காட்டையே திங்கறானுங்களே, அதை மொதல்ல கேளுங்க!" என்று நான் கத்தினேன். என் வாய் அப்படி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விதைத்த அன்றைக்கே பெட்டியை நட்டோம். இருபத்திமூன்று நாள்! அந்த இருபத்திமூன்று நாள் நான் ராணி. மயில் வரப்பில் கால் வைக்கும், பெட்டி கத்தும், மயில் எடுக்கும் பார் ஓட்டம். குருத்து ஒன்று விடாமல் முளைத்து நின்றது. பக்கத்துக் காட்டுப் பழனாத்தா வந்து பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள். மறுவாரமே அவள் கடலைக்காட்டில் ஒரு பெட்டி. அதற்கடுத்த வாரம் ஊரில் பதினொரு பெட்டி. காலையிலிருந்து பொழுது இறங்கும்வரை எந்தத் திசையில் திரும்பினாலும் 'நாய், நாய், நாய்.'

இருபத்திநான்காம் நாள் ஒரு மயில் நின்று பெட்டியைத் தலை சாய்த்துப் பார்த்தது. அப்புறம் குனிந்து தின்றது.

"புலி வருது கதைதான்," என்றார் இவர். "நூறுவாட்டி சொன்னா எவன் நம்புவான்?"

அன்றோடு போயிருந்தால் என் காட்டுக்கு மட்டும்தான் நஷ்டம். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பொழுதோட அவர் கொறங்காட்டிலிருந்து வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. மூன்று நாய் வேலியை ஒட்டியே போயிருக்கிறது. மரத்தில் ஆறு மயில் இருந்திருக்கிறது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லையாம். நல்லவேளை அவர் படலடியில் நின்றிருந்தார், கல்லெடுத்து விரட்டியிருக்கிறார்.

"ஊமையாயிருச்சுக ருக்கு," என்றார். "கத்தி என்ன பிரயோசனம்னு உட்டுருச்சுக. நாயின்னு ஒண்ணு கத்துனா இன்னொண்ணு நம்பறதில்ல."

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அவள் ஓடிவந்து பெட்டியில் ஏதோ மாற்றினாள். இனி நிஜ நாயைப் பார்த்தாலும் பெட்டி கத்துமாம். நடுநடுவே உண்மையும் சொன்னால் மயில் திரும்ப நம்புமாம். என் பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ஊரில் இன்னும் பத்து இருக்கிறதே. கதிர் பிடிக்கிற நேரத்தில் யார் என் பேச்சைக் கேட்பார்கள்? ஆரம்பித்து வைத்தவளே நான்தானே.

அவர் மத்தியானச் சோற்றுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வெயிலில் கொறங்காட்டிலேயே கிடந்தார். தூக்கில் சோறு கொண்டுபோனால் பாதி அப்படியே திரும்பி வரும். கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. ஒரு நாள் பூச்சிமருந்து டப்பாவை மறுபடி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

அப்புறம் என்ன நினைத்தாரோ, ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே மத்தியானம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நன்றாகச் சாப்பிட்டார். "ஆடு தனியா இருக்குதுங்களே?" என்று கேட்டால், "சாமி பாத்துக்கும்," என்பார். இவர் இவ்வளவு பக்திமானா என்று எனக்கே ஆச்சரியம். கேட்டுக் கிளறினால் மறுபடி போய் வெயிலில் உட்கார்ந்துவிடுவாரோ என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்படி ஒரு மாதம் போனது. கதிர் முற்றிக்கொண்டிருந்தபோது அவர் தங்கை மகளுக்குச் சிவன்மலையில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மணவறையில் எதுவும் நடக்காது. ஆட்டுக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று நான் முந்தின நாளே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு மாமன் பெண்டாட்டி வரவில்லையா என்று பேசத்தான் செய்வார்கள், பேசட்டும்.

பஸ் ஏறும்போது அவர் சொன்னார்: "இன்னைக்கு ஒரு நாளைக்கு நீ கொறங்காட்டுலயே இரு. வேற எக்கட்டயும் போகாத."

"போகமாட்டனுங்க."

பதினொரு மணிவரைக்கும் போகவில்லை. அப்போது ஸ்டெல்லா வண்டியில் வந்து இறங்கினாள். "அக்கா, சீக்கிரம் உங்க காட்டுக்கு வாங்க, ஒரு அதிசயம் காட்டுதேன்," என்று கையைப் பிடித்து இழுத்தாள். சித்த நேரம்தானே என்று படலைச் சாத்தினேன். திரும்பி வரப்போகிறவள்தானே என்று முடிச்சு இறுக்காமல் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனேன். அந்த ஒரு சுற்றுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மக்காச்சோளக் காட்டில் ஒன்பது மயில் மேய்ந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டின் மறுகோடிக்குப் போனாள். அங்கே வைத்து 'நாய்' என்று கத்தவிட்டாள். என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஒன்பதும் தலையைத் தூக்கின, பெட்டி இருக்கிற பக்கமாக ஓடின. பெட்டியைச் சுற்றி நின்று கதிரை உரிக்க ஆரம்பித்தன.

"என்னம்மா இது அநியாயம்?"

"அக்கா, பெட்டி எப்ப கத்தும்? மயிலு வந்தாக் கத்தும். மயிலு எங்க வரும்? நல்ல கதிரு இருக்க எடத்துக்கு வரும். அப்ப நாய்ச் சத்தம் எங்க கேக்கோ அங்க சாப்பாடு ரெடின்னு அதுங்க கண்டுபிடிச்சிட்டு!"

"அட முருகா! அப்ப நானே பெட்டி வெச்சுப் பந்திக்குக் கூப்புட்டுட்டு இருந்தனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வெள்ளாமைதான், என் வயிறுதான், ஆனாலும் அடக்க முடியவில்லை. ஸ்டெல்லாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். பதினொரு காட்டுக்காரர்களும் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறோம், இதைவிடக் கூத்து உண்டா?

அப்போதுதான் கிழக்கேயிருந்து ஒரு குரல் வந்தது.

மயில் குரல்தான். ஆனால் நான் பிறந்ததிலிருந்து கேட்காத குரல். ஒன்பது மயிலும் தின்றதை அப்படியே விட்டன. ஒன்பது கழுத்தும் கொறங்காட்டுப் பக்கம் திரும்பின. அடுத்த நொடி எல்லாம் வேப்பமரத்தின் மேல். பெட்டியின் திரையில் 'தெரியாத குரல்' என்று எழுத்து ஓடியது.

"அக்கா, இது புதுசு! இது பெட்டியிலயே இல்ல—" என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

படல் சாய்ந்து கிடந்தது. ஐந்து நாய் உள்ளே. ஆடுகள் எல்லாம் மூலையில் வேலியோடு வேலியாக ஒட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஒரு செவலை நாய் ஓர் ஆட்டின் காதைக் கவ்விக்கொண்டு தொங்கியது. நான் கையில் கிடைத்த வேலங்கழியை எடுத்து அதன் முதுகில் ஒன்று போட்டேன். அது காதை விட்டது. ஆனால் ஓடவில்லை, என் பக்கம் திரும்பியது. மற்ற நான்கும் திரும்பின. எனக்கு என் உயிர்கூட நினைவில் இல்லை. ஐயோ, இந்த மனுஷன் வந்து என்ன பார்க்கப் போகிறார் என்பதுதான் மண்டையில் ஓடியது.

பின்னாலேயே ஸ்டெல்லா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பைத்தியக்காரப் பெண், பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கட்டிப்பிடித்துக்கொண்டே ஓடிவந்திருக்கிறாள். பெட்டியின் கண்ணில் நாய் பட்டது. ஒன்றரை மாதம் முன்பு அவள் சொல்லிக்கொடுத்த உண்மையை அது முழுத் தொண்டையில் கத்த ஆரம்பித்தது: 'நாய்! நாய்! நாய்!'

எங்கள் மயில்கள் வேப்பமரத்தை விட்டு அசையவில்லை. அவற்றுக்கு விஷயம் தெரியும். ஆனால் தூரத்துப் பத்துக் காட்டு மயில்களுக்குத் தெரியாதே! புதிதாக ஒரு பந்தி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டன. மேற்கேயிருந்து, தெற்கேயிருந்து, பழனாத்தாவின் கடலைக்காட்டிலிருந்து, தோகையும் இறக்கையுமாக நாற்பது ஐம்பது மயில் வானத்தை மறைத்துக்கொண்டு வந்து கொறங்காட்டுக்குள் தொப்புத் தொப்பென்று இறங்கின. இறங்கிய பிறகுதான் நாயைப் பார்த்தன. பார்த்ததும் போட்ட கூச்சல் இருக்கிறதே! ஒன்று நாயின் தலைமேலேயே காலை வைத்து எம்பியது. அந்தச் செவலை நாய் பின்னங்காலில் உட்கார்ந்தே போய்விட்டது.

காட்டு மயிலெல்லாம் ஒரே பக்கம் பறக்கிறதே என்று ஊரே பின்னால் ஓடிவந்தது. அரிவாளோடு பழனாத்தா, மண்வெட்டியோடு அவள் வீட்டுக்காரர், அப்புறம் யார் யாரோ. ஐந்து நாயும் வந்த வழியைத் தேடிப் பிய்த்துக்கொண்டு ஓடின.

நான் ஆட்டை எண்ணினேன். நாற்பத்தியொன்று. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினேன். பழனாத்தாவை எண்ணச் சொன்னேன். நாற்பத்தியொன்றேதான். ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது, அவ்வளவுதான். புல்லில் அப்படியே உட்கார்ந்து 'ஓ'வென்று அழுதேன். அந்த மாதிரி நிம்மதியாக நான் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அவர் ஐந்தரை மணி பஸ்ஸில் வந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம். ஊர் எல்லையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, வேகமாக நடந்து கொறங்காட்டுக்கே வந்தார். நானும் ஸ்டெல்லாவும் படலடியில் நின்றிருந்தோம். திட்டட்டும், அடித்தால்கூட வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன்.

"நான் சித்த நேரம் அக்கட்ட போயிட்டனுங்க," என்றேன். "படலைச் சரியாக் கட்டல. என்ற தப்புத்தானுங்க. ஆடெல்லாம் இருக்குதுங்க."

"உனக்கு எங்கியாச்சும் கடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"எப்படித் தெரிஞ்சுது? மயிலு கத்துச்சா?"

"கத்துச்சுங்க. ஆனா நாய்க்குக் கத்தறமாட்ட இல்லீங்க. என்னமோ புதுசாக் கத்துச்சுங்க. நான் கேட்டதே இல்ல."

அவர் முகம் மாறியது. ஆட்டுப் பக்கம் அவர் இன்னும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அந்தக் கொரலு இதுல ஏறிருச்சா சாமி?"

"அப்ப... உங்களுக்கு முன்னமே தெரியுங்களா?"

"ஒரு மாசமாத் தெரியும்," என்றார். "பழைய சத்தம் கெட்டுப்போச்சுன்னு அதுகளாப் பேசிப் புதுசா ஒண்ணு வெச்சுக்கிச்சுக. ரெண்டுவாட்டி நாய் வந்துச்சு, ரெண்டுவாட்டியும் கரெக்டாக் கத்துச்சுக. அதுக்கப்பறந்தான் நான் ஊட்டுக்குச் சோத்துக்கு வந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே! இருபத்தெட்டு வருசம் ஒண்ணாக் குடும்பம் பண்றமே!"

"உங்கிட்டச் சொன்னா நீ இந்தப் புள்ளைகிட்டச் சொல்லுவ. இந்தப் புள்ள பெட்டிகிட்டச் சொல்லும். பெட்டி ஊரெல்லாம் சொல்லும். அப்பறம் அதுக இன்னொண்ணு கண்டுபுடிக்கோணும். எத்தனைவாட்டிதான் கண்டுபுடிக்கும், பாவம்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மயிலிடம் சொன்ன பொய்யில் என் வீட்டுக்குள்ளேயும் ஒருவர் என்னை நம்பாமல் போயிருக்கிறார், அது எனக்குத் தெரியவே இல்லை. அதிலும் அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லையே.

ஸ்டெல்லா திரையை வருடிப் பார்த்தாள். "பதிவாயிருக்கு அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "ஆறு மணிக்குத் தானாவே ஆபீசுக்குப் போயிரும். நாளைக்கு எல்லாப் பெட்டியும் படிச்சிரும்."

மணி ஐந்து ஐம்பது.

"இது சின்ன விசயம் இல்லக்கா," என்றாள். "ஒரு பறவை நம்ம கண்ணு முன்னாலயே புதுசா ஒரு சொல்லு உண்டாக்கிருக்கு. எவ்வளவு பேரு இதுக்காகக் காத்துக் கெடக்காங்க தெரியுமா?"

நான் என் காட்டைப் பார்த்தேன். அறுவடைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தக் குரல் என் பெட்டியில் ஏறினால் பன்னிரண்டு நாளும் ஒரு மயில் கிட்டே வராது. மிச்சமிருக்கிற கதிர் அத்தனையும் வீடு வந்து சேரும். ஆசை வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வந்தது. நன்றாகவே வந்தது.

அவர் ஆட்டின் கிழிந்த காதுக்கு மஞ்சள் வைக்க உள்ளே போய்விட்டார்.

"நீங்க சொல்லுங்கக்கா," என்று பெட்டியை என் பக்கம் நீட்டினாள். "உங்க காடு."

"அழிச்சுரு கண்ணு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். உண்மையிலேயே அழிந்துவிட்டதா என்று இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டு, "போயிட்டுக்கா," என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "நல்லவேளை. எனக்கு இன்னும் பத்து நிமிசம் கெடச்சிருந்தா மனசு மாறிருப்பேன்."

அந்தத் தடவை கால்வாசிக் கதிர் மயிலுக்குப் போனது. போகட்டும். இப்போது எங்கள் ஊரில் பெட்டி வேறு வேலை பார்க்கிறது. கடலை பிடுங்கி முடித்த காட்டில், மண்ணுக்குள் சிந்திக் கிடக்கிற பருப்புக்கு நடுவே அதை வைத்து 'நாய்' என்று கத்தவிடுகிறோம். மயிலெல்லாம் அங்கே ஓடிவிடுகின்றன. பயிர் நிற்கிற காட்டுக்கு வருவது பாதியாகக் குறைந்துவிட்டது. பந்தி என்று ஆகிவிட்ட பிறகு இலையைச் சரியான இடத்தில் போட்டால் போயிற்று. ஸ்டெல்லா இதைத்தான் எழுதிப் பட்டம் வாங்கினாள். புதுக் குரலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

அந்தக் குரலை அழித்த மறுநாளே அவர் என்னைக் கொறங்காட்டுக்குக் கூட்டிப்போனார். வெள்வேல மரத்தடியில் அரை நாள் உட்கார வைத்து, எது எதற்கு எப்படிக் கத்துகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றை மறைத்ததற்கு ஈடாக எல்லாவற்றையும் கொட்டினார். நான் அழுதேன், அவர் தெரியாத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அந்தப் புதுக் குரல் எப்படி இருக்கும்? நீளமா, குட்டையா, எத்தனை தடவை கத்தும்? எழுத மாட்டேன். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. இதை எவரெவர் படிப்பார்கள் என்று ஒருவாறு ஊகிக்க முடிகிறது. எந்தெந்தப் பெட்டி படிக்கும் என்றுதான் எனக்குத் தெரியாது.